வளர்கிற பிள்ளைக்கு ஒரு கிட்டார்

“‘கை எட்டலை, தோள் வலிக்கு, எனக்கு இது வேண்டாம்.’ கேட்டீங்களா மிஸ்? கடைக்குள்ள கால் வச்சு இன்னும் ஃபேன் காத்து கூட மேல படலை. அதுக்குள்ள, ‘கை எட்டலை, தோள் வலிக்கு, எனக்கு இது வேண்டாம்!’”

மகள் சொன்னதை ஓர் எழுத்து குறையாமல், அவள் மூக்கால் இழுத்த இழுப்பையும் சேர்த்து, மங்கையர்க்கரசி இரண்டு தரம் சொல்லிக் காட்டினாள்.

பத்து வயதுக் கோமு கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் கிட்டாரை மாட்டியிருந்தாளா, கிட்டார் அவளை மாட்டியிருந்ததா என்பதைப் பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“எட்டலைன்னா எட்டலைதான்.”

“இன்னிக்கு எட்டலை. நாளைக்கு எட்டும். வளர்ற பிள்ளைக்கு யாராவது அளவெடுத்து வாங்குவாங்களாட்டி?”

“அப்போ வளர்ந்த பிறகே வாசிக்கேன்.”

இந்தக் குரல் மங்கைக்குத் தெரியும். சைக்கிள் வாங்கிய அன்றும் இதே குரல்தான்.

அப்போதும் வளர்கிற பிள்ளை என்று பெரிய சைக்கிளாகப் பார்த்துத்தான் வாங்கினாள். பெடலுக்குக் கால் எட்டிய காலத்தில் கோமுவுக்கு சைக்கிள் ஆசை போய்விட்டது. இன்றைக்கு அது புறவாசலில் நின்று துண்டு காயப்போடும் கொடியாக ஊழியம் பார்க்கிறது. பரதநாட்டியச் சலங்கைக்கும் அதே கதிதான். அதை எடுத்துச் சொல்ல மங்கையின் கணவருக்குத் தைரியம் கிடையாது.

கடை பாளையங்கோட்டையில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. முதலாளி எட்வின். இருந்த ஒரே நாற்காலியில், கோமுவுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஜெபசீலி மிஸ் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு. தன் கிட்டாரைக் கூட இப்போது மடியில் வைக்க முடியாமல், பக்கத்து ஸ்டூலில் படுக்க வைத்து வாசித்துக் காட்டுகிறவள்.

மிஸ்ஸுக்கு வயது இருபத்தெட்டு. மங்கைக்கு நாற்பத்தாறு. ஆனாலும் மங்கை அவளை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவாள். யாரிடம் கற்றாலும் எழுந்து நின்று ‘மிஸ்’ சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆமாம், மங்கையும் சிஷ்யைதான். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே செருப்புகளோடு செருப்பாக உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாமல், ஒருநாள் விறுவிறுவென்று உள்ளே போய், “எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றாள். அன்றிலிருந்து தாயும் மகளும் மிஸ்ஸின் கிட்டாரில்தான் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். மாற்றி மாற்றிச் சண்டையும் போடுகிறார்கள்.

அடுத்த வாரம் மிஸ் பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள். அவள் திரும்பி வரும்வரை வீட்டில் வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் சைக்கிள் போன வழியே போய்விடும். அதற்குத்தான் இந்தப் படையெடுப்பு.

“முதல்ல மரக் கிட்டார்ல பழகட்டுமே அக்கா,” என்று எட்வின் ஒரு சொல் போட்டுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அதை நானும் கேட்டாச்சு. எலெக்ட்ரிக்ல கம்பி மெலிசு, சின்ன விரலுக்கு நோகாதுன்னு மிஸ் சொல்லியாச்சு. முடிஞ்சுபோன கேஸை மறுபடி திறக்காதீங்க.”

எட்வின் வாயை மூடிக்கொண்டார். மங்கையிடம் அதுதான் உடம்புக்கு நல்லது.

அரை மணி முன்னால் மிஸ்ஸும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு கடை தள்ளி ஒரு துணிக்கடை. மிஸ் உள்ளே போனவள் ஒரு சின்னப் பையோடு வந்தாள். பைக்குள் கட்டைவிரல் அளவில் காலுறை, உள்ளங்கை அளவில் ஒரு குல்லாய், கையில்லாத சட்டை ஒன்று.

மங்கை நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“என்ன மிஸ் இது? பிறக்காத பிள்ளைக்கு யாராவது துணி எடுப்பாங்களா?”

“ஆசையா இருந்துச்சு ஆன்ட்டி.”

“ஆசை இருக்கும். எப்படி வருதோ, குண்டா வருதோ, நோஞ்சானா வருதோ! முதல்ல வரட்டும். வந்த உடம்பைப் பார்த்து எடுக்கணும். அதுவரைக்கும் பழைய வேட்டியைக் கிழிச்சுச் சுத்தினாப் போதும்.”

சொல்லிவிட்டுப் பையைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். குழந்தை பிறந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். மிஸ் சிரித்தாள்.

இப்போது மங்கை நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

“மிஸ், எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. சின்னப் பிள்ளைக்கு நல்ல கிட்டார் எது? ஒரே வார்த்தையில சொல்லுங்க. கறுப்பா, வெள்ளையா, அந்தச் சிவப்பா?”

மிஸ் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“எட்வின் அண்ணே, அந்த பேஸ் கிட்டாரை எடுங்க.”

எட்வின் எடுத்தார். நான்கே கம்பி. ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிறு போல. கழுத்து மட்டும் கோமுவின் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும்.

“ஆன்ட்டிக்கு மாட்டி விடுங்க.”

“எனக்கா? எனக்கு எதுக்கு?”

“மாட்டுங்க ஆன்ட்டி. போன வாரப் பாடத்தை வாசிங்க.”

மிஸ் சொன்னால் செய்தாக வேண்டும். மங்கை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பட்டை தோளில் விழுந்ததும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடது கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். முழங்கை விறைத்து, அக்குள் திறந்து, சேலைத் தலைப்பு நழுவி, விரல் கழுத்து நுனியில் இருந்த முதல் கட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலது கை கம்பியை மறந்துவிட்டது. ஒரு விரலை அழுத்தினால் மற்றது எழும்பியது. டொம் என்று ஒரு சத்தம் வந்தது, வாளி கிணற்றுச் சுவரில் இடித்த மாதிரி.

“என்ன மிஸ் இது! கை எட்டலை, தோள் வலிக்கு, எனக்கு...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கோமு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். எட்வின் கல்லாப்பெட்டிக்குக் கீழே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார்.

“பரவாயில்லை ஆன்ட்டி,” என்றாள் மிஸ். “வளர்ந்துருவீங்க.”

கோமுவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய கறுப்புக் கிட்டாரும் சேர்ந்து குலுங்கச் சிரித்தாள்.

மங்கைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தோற்றதாகிவிடும்.

“நல்லா கேலி பண்ணுங்க. நான் எங்க மிஸ் வளர? வளர்ந்தா அகலத்துலதான் வளரணும். அவ உயரத்துல வளருவா. அதுதானே வித்தியாசம்?”

“அதுவும் சரிதான்,” என்றாள் மிஸ்.

சரி என்று ஒத்துக்கொண்டது மங்கைக்குப் பிடிக்கவில்லை. சண்டையில் எதிராளி ஒத்துக்கொள்வதைப் போல எரிச்சல் வேறில்லை.

“அண்ணே, அந்த மூலையில ஒண்ணு இருக்கே.”

“அதா? அது குட்டிப் பிள்ளைங்க ஐட்டம் மிஸ். ஒரு ஓரத்துல பெயின்ட் வேற போயிருக்கு.”

“எடுங்க.”

கனகாம்பர நிறத்தில் ஒரு குட்டி கிட்டார். உடம்பும் சின்னது, கழுத்தும் குட்டை. கறுப்புக் கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால் தாய்க்கோழி காலடியில் குஞ்சு மாதிரி இருந்தது. மங்கை முகத்தைச் சுளித்தாள்.

மிஸ் முதலில் கழுத்தின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள், கட்டைத் தகடு விரலைக் கிழிக்கிறதா என்று. கம்பியை அழுத்திப் பார்த்தாள், உயரமாக நிற்கிறதா என்று. பிறகு கறுப்புக் கிட்டாரைக் கழற்றச் சொல்லி, கோமுவைத் தரையில் உட்கார வைத்து, குட்டி கிட்டாரை அவள் மடியில் வைத்தாள்.

“முதல் கட்டையைத் தொடு.”

தொட்டாள். முழங்கை மடங்கியே இருந்தது.

“பட்டையை மாட்டிக்கிட்டு எழுந்திரு. கையை எடுத்துரு.”

எடுத்தாள். கிட்டார் தலைகுப்புறச் சாயவில்லை. உடம்போடு ஒட்டி நின்றது.

“இப்போ என்னைப் பார்க்காதே, அம்மாவைப் பார்க்காதே. நம்ம பாடத்தை வாசி.”

எட்வின் வயரைச் சொருகி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைத் திருகினார். சின்னதாக ஓர் இரைச்சல், கொதிக்கப் போகிற பாலைப் போல. கோமு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பாடம் மிஸ்ஸே கட்டியது. ஏறி, இறங்கி, நின்று, கடைசியில் சுண்டுவிரல் ஒரு தாவு தாவ வேண்டும். அந்தத் தாவலில்தான் எல்லாம் இருக்கிறது. மிஸ்ஸின் பெரிய கிட்டாரில் கோமுவுக்கு அது வந்ததே இல்லை. அந்த இடம் வந்ததும் ஒரு முறை மூஞ்சியைக் கோணிக்காட்டிவிட்டுத் தாவாமலே முடித்துவிடுவாள். அதற்காக மங்கை எத்தனையோ தரம் தொடையில் கிள்ளியிருக்கிறாள்.

ஏறினாள். இறங்கினாள். நின்றாள்.

தாவினாள்.

அந்தச் சுரம் ஆம்ப்பிலிருந்து கிளம்பி, கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு, தெருவுக்குப் போனது. கரும்புச்சாறு வண்டிக்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோமுவே திடுக்கிட்டுப் போனாள். அது தன் விரல்தானா என்று விரலைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். மறுபடி தாவினாள். இந்த முறை அது வழுக்கிக்கொண்டு போய் வாலை ஆட்டி நின்றது.

“வந்துட்டு! ம்மா, வந்துட்டு! மிஸ், கேட்டீங்களா? வந்துட்டு!”

“போடு, போடு!” என்றார் எட்வின், விற்பனையை மறந்து.

பேஸ் கிட்டார் இன்னும் கழுத்தில் தொங்குவது கூட மங்கைக்கு நினைவில்லை. கால் தானாகத் தாளம் போட்டது. அதை உடனே நிறுத்தினாள்.

அம்மா வழியில் வந்த ஒரு கொள்கையை இப்படி ஒரு சத்தத்துக்காக விட்டுவிட முடியுமா? மங்கையைக் கான்வென்ட்டில் சேர்த்த அன்று தைத்த பினஃபோர் சீருடையை வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துப் பிரித்துத்தான் அவள் அம்மா படிக்க வைத்தாள். பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை அன்று அது அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. மறுநாள் அதற்கு வேலை இல்லை.

நாற்காலியின் பக்கம் குனிந்தாள். சத்தத்தை மீறிக் கேட்க வேண்டியிருந்தது.

“எல்லாம் சரி மிஸ். ஆனா இது ரெண்டு வருஷத்துல சின்னதாப் போயிருமே? பதிமூணு வயசுல கோமு எதை வாசிப்பா? அந்தக் கோமுவுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

மிஸ் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். உள்ளே யாரோ உதைத்தார்கள் போலிருக்கிறது. முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. பிறகு மங்கையின் கைப்பையைப் பார்த்தாள். ஜிப் இழுத்து மூடியபடியே இருந்தது.

“அந்தக் கோமு இன்னும் பிறக்கலியே ஆன்ட்டி,” என்றாள்.

மங்கையும் குனிந்து அந்த ஜிப்பைப் பார்த்தாள்.

எட்வின் கறுப்புக் கிட்டாரைத் துடைத்து மேலே மாட்டினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கோமு கண்ணை மூடிக்கொண்டு, ஆம்ப்பைத் தானே இன்னொரு திருகு திருகிவிட்டு, ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தாள்.

மங்கை பேஸ் கிட்டாரின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

“ஏட்டி கோமு, அந்தக் கடைசித் தாவலை மட்டும் கொஞ்சம் மெதுவா வாசியேன். நானும் கூட வாரேன்.”