அரசருக்கு நிழல் பிடித்த காட்டெருது

காட்டை ஆண்ட சிங்கம், தான் குளிப்பதற்காக ஓடையின் குறுக்கே அணை போட்டு ஒரு குளம் அமைத்துக்கொண்டது. கிழக்குச் சரிவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது.

அந்தச் சரிவின் தலைவனான காட்டெருது சிங்கத்தின் குகைக்கு வந்து குளம்பால் தரையை உதைத்தது.

"யாரைக் கேட்டு ஓடையை மறித்தீர்கள்? தலைவர்கள் நாவல் மரத்தடியில் கூடிச் சம்மதித்தால்தான் அரசர் ஒரு கல்லை நகர்த்தலாம். அதுதானே காட்டு வழக்கம்!"

"அந்தக் கூட்டம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது, தலைவரே!" என்றது மந்திரி நரி. "நாங்கள் கூட்டவில்லை. நீங்கள் யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை."

"இப்போது கேட்கிறேன்! கன்றுகள் நாக்கு வறண்டு கிடக்கின்றன. மூன்று நாளில் அணையைத் திறக்காவிட்டால் என் மந்தையே வந்து முட்டித் திறக்கும்!"

சிங்கம் கோபப்படவில்லை. நரியின் காதில் ஏதோ சொன்னது.

"உங்கள் தைரியம் அரசருக்குப் பிடித்துவிட்டது, தலைவரே!" என்றது நரி. "நாளை அவர் குளிக்கும்போது தாமரை இலையைக் காம்போடு கவ்வி, அவர் தலைக்கு நீங்கள்தான் நிழல் பிடிக்கப்போகிறீர்கள். வடக்குமலையின் தலைவனான சிறுத்தை இரண்டு வருஷமாக இப்படி ஒரு மரியாதைக்குக் காத்திருக்கிறது!"

காட்டெருது யோசித்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றால் பக்குவமாகவே கேட்டுவிடலாமே!

மறுநாள் இலையைக் கவ்விக்கொண்டு நின்றது. வாயில் காம்பு இருந்தது. எப்படிப் பேசுவது? கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளச் சிறுத்தை பக்கத்திலேயே நின்றது.

"கழுத்து ஆடுகிறதே, அண்ணே! நான் வேண்டுமானால் பிடிக்கட்டுமா?" என்றது சிறுத்தை.

காட்டெருது காம்பை இறுக்கிக் கடித்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தது. மறுநாளும் அதையே நினைத்தது. குளத்தோரத்துப் புல் நன்றாக இருந்தது.

பதினோராம் நாள் அதன் தங்கை வந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"அண்ணா! நேற்று இரண்டு கன்றுகள் செத்துவிட்டன. ஒன்று என்னுடையது. நீ கேட்டுவிடுவாய் என்று மந்தை அணையை முட்டாமல் காத்திருக்கிறது. நீ இன்னுமா கேட்கவில்லை?"

சத்தம் போடாதே என்று காட்டெருது கண்ணால் சாடை காட்டியது.

சிங்கம் தண்ணீரில் புரண்டபடி கேட்டது. "கிழக்குச் சரிவில் தண்ணீர் இல்லையாமே! உண்மைதானா, தலைவரே?"

சிறுத்தை ஓரடி முன்னால் வந்தது.

உண்மையில்லை என்று காட்டெருது தலையை ஆட்டியது, இலை நழுவாமல்.

"கேட்டாயா? உன் அண்ணனே சொல்லிவிட்டார்!" என்றது நரி.

 தங்கை திரும்பி நடந்தது.

தலைவன் இல்லாமல் அணையை முட்ட மந்தை துணியவில்லை; மழை வருவதற்குள் அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலியான சரிவு இனித் தன் வேட்டைக்காடு என்று சிங்கம் அறிவித்தது.

அன்றைக்கே நரி வந்தது. "இலையைக் கொடுங்கள், தலைவரே."

"நான் என்ன தப்புச் செய்தேன்?"

"ஒன்றுமில்லை. உங்களுக்குப் பின்னால் நூறு கொம்புகள் இருந்தன. அரசர் பயந்தார், பக்கத்தில் வைத்துக்கொண்டார். இப்போது எதற்கு?"

வடக்குமலையிலும் ஏதோ குறை இருந்தது. சிறுத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் காம்பைக் கவ்விக்கொண்டது.

அரசன் தரும் மரியாதைக்காகத் தலைவர்கள் வாயை அடைத்துக்கொள்ளும் நாட்டில், அரசனுக்கு எல்லை இருக்காது. குடிகளுக்குக் குடிக்கத் தண்ணீரும் இருக்காது.