பெரியப்பாவுக்கு ஒரு வாசல்

ஏரிக்கரையை ஒட்டிய நெல்வயலில் வேம்பன் என்ற எலியும் அதன் மனைவி குன்றியும் இருந்தன. குன்றி நிறைமாதமாக இருந்தது. அவை குடியிருந்த பொந்தோ பழையது. லேசாகத் தூறினாலே உள்ளே தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

"மழைக்கு முன்னாடி மேட்டு வரப்புல சொந்தமா ஒரு வளை கட்டிடணும். பிள்ளைங்களை இந்தச் சேத்துல போட முடியாது" என்றது குன்றி.

"கட்டிடுவோம்! யாரையும் நம்பி விடப்போறதில்ல. நானே பக்கத்துல நின்னு கட்டுறேன்!" என்றது வேம்பன்.

அறுவடையில் பொறுக்கிச் சேர்த்த நெற்கதிர்கள்தான் அவற்றின் மொத்தக் கையிருப்பு. கொஞ்சம் கூலிக்கு, கொஞ்சம் மழைக்காலச் சாப்பாட்டுக்கு என்று குன்றி பிரித்து வைத்தது. பிறகு ஈர மண்ணில் வாலால் கோடு போட்டுக் காட்டியது.

"இது வாசல். நாம நுழையற அளவுக்கு இருந்தா போதும். இது பிள்ளைங்களுக்கு. இது நெல் வைக்க. இது பின்வழி. வாசல்ல ஏதாவது வந்து நின்னா இந்தப் பக்கமா ஓடிடலாம். எதைக் குறைச்சாலும் இதைக் குறைக்கக் கூடாது!"

"அது இல்லாம வீடா? விடுவேனா?" என்றது வேம்பன். அப்போது அது மனதாரத்தான் சொன்னது.

வயல் நண்டு ஒன்று கூலிக்கு வந்தது. மண் தோண்டுவதில் கெட்டிக்கார நண்டு. ஆனால் வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் கொடுக்கை ஆட்டிச் சரி என்றுவிடும். வேலை கூடினால் கூலியும் கூடும் அல்லவா!

வாசலும் அறைகளும் முடிந்தன. பின்வழி மட்டும் பாக்கி. அன்றைக்குப் பார்த்து வேம்பனின் பெரியப்பா முறையான பெருச்சாளி வேலையைப் பார்க்க வந்தது. வளையைச் சுற்றி நடந்தது. மீசையைச் சிலுப்பியது.

"என்னப்பா வேம்பா, இதுதான் வாசலா?"

"எங்களுக்கு இது போதும் பெரியப்பா."

"உங்களுக்குப் போதும்! பால் காய்ச்சற அன்னிக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு நான் எப்படி உள்ள வர்றது? சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் என்னை வெளியில நிக்க வெச்சு அவமானப்படுத்தப் பார்க்கிறியா?"

வேம்பனின் முகம் சுண்டிப்போனது. நண்டைத் தனியாக அழைத்தது.

"வாசலைப் பெரிசாக்க முடியுமா?"

"சின்ன வேலைதான் முதலாளி! பின்வழிக்கு எடுத்து வெச்ச கதிரைக் கொடுங்க, முடிச்சிடலாம்!"

குன்றிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போறவருக்காக வாசலா? தினமும் நுழையப் போறது யாரு?"

"ஊர் சிரிக்கும் குன்றி! பின்வழியை யார் வந்து பார்க்கப் போறாங்க? அடுத்த அறுவடைக்கு அதைத் தோண்டிக்கலாம்."

"பாம்பு அடுத்த அறுவடை வரைக்கும் பொறுத்திருக்குமா?"

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல வாயை வைக்காதே! எல்லாம் முடியட்டும், நானே தோண்டித் தர்றேன்."

பின்பக்கம் முழுக்கச் சரளை மண். நண்டின் கொடுக்குக்கே அது தண்ணி காட்டும். எலியின் நகம் எந்த மூலைக்கு? இது குன்றிக்கும் தெரியும், வேம்பனுக்கும் தெரியும். இருந்தும் வயிற்றைச் சுமந்துகொண்டு சண்டை போடக் குன்றிக்குத் தெம்பில்லை.

பால் காய்ச்சும் நாள் வந்தது. பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. சீர்த்தட்டில் இருந்தவை இரண்டு நத்தை ஓடும் ஒரு காய்ந்த வெள்ளரித் தோலும். பின்னாலேயே அதன் குடும்பம் மொத்தமும் வந்தது. மழைக்காலத்துக்கு வைத்திருந்த நெல்லை எல்லாம் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தன.

"வாசல் அமர்க்களம்!" என்றது ஒன்று.

"வேம்பன் பெரிய ஆளுதான்!" என்றது இன்னொன்று.

வேம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. குன்றி ஒரு மூலையில் படுத்து, வெறும் மண்ணாக நின்ற பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழை தொடங்கியதும் குன்றி குட்டிகளை ஈன்றது. கண் திறக்காத சிவந்த குட்டிகள். வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. தாய்க்குப் பால் ஊற வேண்டுமே என்று, பட்டப்பகலில் கொட்டும் மழையில் வேம்பன் உதிரி நெல் பொறுக்கப் போனது.

வாயில் ஒரு கதிரோடு அது திரும்பியபோது வாசலில் ஒரு வால் கிடந்தது. தடித்த சாரைப்பாம்பின் வால். குன்றி கோடு போட்ட வாசலில் அந்தத் தடித்த உடம்பு நுழைந்திருக்காது. இப்போது அது தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வேம்பன் கதிரைப் போட்டுவிட்டு வரப்பின் பின்பக்கம் ஓடியது. பின்வழி வந்திருக்க வேண்டிய இடத்தில் வெறிபிடித்ததுபோல் பறண்டியது. சரளைக் கல்லில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

அப்போது உள்ளேயிருந்தும் பறண்டும் சத்தம் கேட்டது.

"குன்றி! இதோ தோண்டுறேன்! விடாதே!"

"சீக்கிரம்! பிள்ளைங்க..." என்றது உள்ளேயிருந்து குன்றியின் குரல்.

இரண்டும் ஒரே இடத்தை நோக்கிப் பறண்டின. நடுவே இருந்த மண் ஒரு முழம்கூட இராது. கொஞ்ச நேரத்தில் உள்ளே பறண்டும் சத்தம் நின்றுவிட்டது. வெளியே வேம்பன் மட்டும் நிறுத்தாமல் பறண்டிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் பெரியப்பா துக்கம் கேட்க வந்தது.

"பாம்பு வந்தா பின்வழியா ஓடறதுக்கென்ன?"

"பின்வழி இல்ல பெரியப்பா."

"என்னது, பின்வழி இல்லையா? பின்வழி இல்லாம யாராவது வீடு கட்டுவாங்களா? என் வளையில மூணு இருக்கு!"

"அன்னிக்கு நீங்க அதைச் சொல்லவே இல்லையே!"

"வாசல் கண்ணுல பட்டுச்சு, சொன்னேன். கட்டினது நீ! மத்ததையும் நானா யோசிக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் பெருச்சாளி சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

கையிருப்பு கொஞ்சமாக இருக்கும்போது வீடு கட்டுகிறவர், அதை வந்துபோகிறவர்களின் வாய்க்காகச் செலவழிக்காமல், உள்ளே வாழப்போகிறவர்களின் உயிருக்காகவே முதலில் செலவழிக்க வேண்டும்.