மிராசுதார் தில்லைநாயகம் இளைத்த விதம்

ஊதலூர் மிராசுதார் தில்லைநாயகம் மாமரத்தடியில் போய் நின்றால் மரத்துக்கு நிழல் கிடைக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட உடம்பு. அதைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவைப் பற்றி யோசித்தார். அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால்.

உடனே டவுனுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தார். கூடவே பக்கிரிசாமி, கலியமூர்த்தி, அருணகிரி மூவரும் போனார்கள். மூன்று வேளையும் மிராசுதார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்கு அவருக்காக யோசிப்பதுதான் அவர்கள் உத்தியோகம்.

எடை மெஷினில் நூற்று முப்பது கிலோ காட்டியது.

"இப்படியே போனா இதயம் தாங்காது. சோத்தைக் குறைங்க. காய், பழம் நிறையச் சேர்த்துக்கங்க. பழத்தைச் சாறு பிழியாம தோலோட சாப்பிடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா.

"நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேம்மா" என்று மிராசுதார் கும்பிட்டார். சொன்னபடியே நடந்தும் கொண்டார். அதில்தான் வினை.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"சோத்தை எப்படிங்க குறைக்கிறது?" என்று கேட்டார் அருணகிரி. சந்தேகம் கேட்பது அவர் வேலை.

பக்கிரிசாமி தாடையைத் தடவினார். "கோளாறு குண்டு அரிசிலதான் இருக்கு. ஒவ்வொரு பருக்கையும் என் சுண்டுவிரல் நகம் தண்டி. சீரகச் சம்பாவுக்கு மாறிட்டா சோறு பாதியாக் குறைஞ்சிடும்."

"சீரகச் சம்பாவுக்குச் சாம்பார் சேராதே" என்றார் சமையலைக் கவனிக்கும் கலியமூர்த்தி.

"பிரியாணிதான் சேரும். என்ன பண்றது? ஐயா உசுரு முக்கியமில்லையா?" என்றார் பக்கிரிசாமி.

மிராசுதார் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மனுஷன் எதைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை!

அடுத்து காய். "காயைச் சேர்க்கச் சொன்னாங்களே, எதையாவது எடுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார் பக்கிரிசாமி. யாருக்கும் ஞாபகமில்லை. ஆகவே எதையும் எடுக்கவில்லை. பிரியாணிக்கு மேல் அவரைக்காய்ப் பொரியல், அதற்கு மேல் கத்திரிக்காய் கொத்சு, அதற்கும் மேல் ஒரு பேசின் கீரை, பக்கத்தில் ஒரு தார் வாழைப்பழம். சாப்பிட்டு முடித்தால் மிராசுதாருக்கு ஆரோக்கியம் தொண்டை வரைக்கும் நின்றது.

வாழைப்பழத் தோலைக் கண்ணீரோடு விழுங்கினார். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரை தொட்டு விழுங்கினார். பிறகு தோப்பிலிருந்து பலாப்பழம் வந்தது.

நால்வரும் அதைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"தோலோடதான் சொன்னாங்க. முள்ளோடன்னு சொல்லலையே" என்றார் பக்கிரிசாமி.

சவரக்காரரை வரவழைத்தார்கள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் பழத்துக்குச் சோப்பு நுரை போட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டு, "கிருதா விடணுங்களா, எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துடு" என்றார் மிராசுதார் தீனமாக.

சிரைத்த பலாவைக் கடித்ததில் நாக்கு வீங்கி, உதடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கொஞ்ச நாளைக்குத் தொண்டையில் இறங்கியது பிரியாணி ஒன்றுதான்.

டாக்டரம்மா சொன்ன கெடு நெருங்கியது. மிராசுதார் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடிக்குள் அவர் முழுசாகக் கொள்ளவில்லை. "பக்கிரி, நான் செத்துடுவேனாடா?" என்று குழந்தை மாதிரி அழுதார்.

பக்கிரிசாமிக்கும் கவலை பிடித்தது. ஐயா போய்விட்டால் பிரியாணிக்கு எங்கே போவது? உயிரைக் கொடுத்து யோசித்தார்.

"தப்பு புரிஞ்சு போச்சுங்க! பலா, பூசணி, தர்பூசணின்னு உருண்டையாவே தின்னீங்க. உடம்பும் உருண்டுடுச்சு. இனிமே புடலங்காய்தான்."

ஒரு வாரம் பிரியாணிக்கு மேல் புடலங்காய். உடம்பு நீளவில்லை.

கொல்லைப் பந்தலில் போய்ப் பார்த்தார்கள். நேராக நீண்டு தொங்கிய காய்களின் நுனியிலெல்லாம் கல் கட்டியிருந்தது. கட்டாத காய் சுருண்டு கிடந்தது.

"கல் கட்டாம விட்டுட்டோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கலியமூர்த்தி.

மிராசுதாரை ஸ்டூலில் ஏற்றிப் பந்தல் மூங்கிலைப் பிடிக்கச் சொன்னார்கள். காலில் அம்மிக்கல்லைக் கட்டினார்கள். ஸ்டூலை உருவினார்கள்.

"நீளுதுங்களா?" என்று கீழேயிருந்து கேட்டார் அருணகிரி.

"கை மட்டும் நீளுதுடா" என்றார் மிராசுதார். அதற்குள் பந்தல் முறிந்து, மூங்கிலும் கொடியும் காயுமாக நால்வர் தலையிலும் இறங்கியது.

மிராசுதாரை டிராக்டரில் போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். அம்மியை யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை. எடை மெஷினில் அம்மியை வைத்து, அதன்மேல் அவரை நிறுத்தினார்கள். நூற்று அறுபது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மூவரையும் பார்த்தார். கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டி, அம்மியைத் தள்ளச் சொல்லி, மிராசுதாரை மறுபடி நிறுத்தினார். நூற்று நாற்பது.

"ஒரே நிமிஷத்துல இருபது கிலோ!" என்று கூவினார் பக்கிரிசாமி. மிராசுதார் டாக்டரம்மாவின் காலில் விழப் போனார். அவர் பயந்து விலகிக்கொண்டார்.

திரும்பும் வழியிலேயே திட்டம் தயார். தினமும் காலையில் அம்மியைக் கட்டுவது, சாயங்காலம் வெட்டுவது. நாளுக்கு இருபது கிலோ.

அருணகிரி விரல்விட்டு எண்ணிப் பார்த்து வெளிறிப்போனார். "ஏழாம் நாள் ஐயாவே இருக்க மாட்டாருங்களே!"

"ஆறாம் நாளோட நிறுத்திடுவோம்" என்றார் கலியமூர்த்தி.

"அப்ப இருபது கிலோதானே இருப்பாரு? காத்துல பறந்துட்டா?"

"அதுக்குத்தான் அம்மி இருக்கே, கட்டி வச்சிடலாம்" என்றார் பக்கிரிசாமி.

மிராசுதாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் உயிர் விஷயம் பாருங்கள், அவர் அசட்டையாக இருக்கத் தயாராயில்லை.

"எதுக்கும் இன்னியிலேர்ந்து பிரியாணியை ரெண்டு மடங்கா வை, கலியா" என்றார். "குறையறதுக்கு உடம்பு வேணுமில்ல?"