தாகப் பூதமும் சிகப்பியின் வெள்ளைத் துண்டும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மீன்களுக்கும் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்திருந்த நாளிலே, ஏழுமடை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்குப் பக்கத்திலே பெரிய கண்மாய். கண்மாய் நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய மீன்.

அந்த மீன் ஊருக்கே பொது. ஆனால் நினைத்தபோதெல்லாம் இறங்கிப் பிடித்துவிட முடியாது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் ஊரே ஊத்தாவோடு கரையில் வந்து நிற்கும். ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை. மீன் மேலே கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிப்பார்கள். கண்மாய்க் காவல்காரர் வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசினால்தான் இறங்கலாம். அதற்கு முன்னே ஒருத்தன் கால் நனைந்தாலும் ஊர் அவனைத் தள்ளி வைத்துவிடும்.

காவல்காரர் பெயர் ஆண்டியப்பன். காதிலே சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருப்பார். அவருக்கு ஒரே மகள், சிகப்பி. அம்மா இல்லாத பிள்ளை. அப்பாதான் அவளுக்கு எல்லாம்.

இப்போது இந்த ஊர்க்காரர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். ஒரு கோடையில் வயலுக்கு வண்டல் அள்ளினார்கள். அதில் தப்பே இல்லை, வருஷா வருஷம் அள்ளுவதுதான். அந்த வருஷம் வண்டலுக்குக் கீழே களிமண் தட்டுப்பட்டது. வெண்ணெய் மாதிரி களிமண். அதில் ஒருத்தர் நெல் கொட்ட ஒரு குலுக்கை செய்து வெயிலில் காய வைத்தார். எலி துளைக்கவில்லை, எறும்பு ஏறவில்லை. அவ்வளவுதான்! வீட்டுக்கு வீடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிகப்பியும் ஒரு கூடை, இரண்டு கூடை என்று அள்ளித் தன் வீட்டுக்கு ஒன்று செய்துகொண்டாள். ஊரிலேயே பெரிய குலுக்கை மலையாண்டி அம்பலத்தின் வீட்டில். அவர்தான் ஊர்த்தலைவர். தலைவர் வீட்டுக் குலுக்கை சின்னதாக இருக்கலாமா?

மழை வந்தது, கண்மாய் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் மறுநாளே இறங்க ஆரம்பித்தது. வெயிலும் இல்லை, மடையும் திறக்கவில்லை. கரையிலிருந்து எட்டும் தூரத்தில், களிமண் எடுத்த இடத்திலே அடியில் ஓட்டை விழுந்து, ஒரு சுழி சுற்றிக்கொண்டிருந்தது.

ஊரார் வைக்கோலைக் கட்டிக் கரையிலிருந்தே கழியால் ஓட்டையில் திணித்தார்கள். 'களுக்' என்று உள்ளே போனது. "பத்தலை, பத்தலை, இன்னும் கொண்டா!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

பாறாங்கல்லை உருட்டிவிட்டார்கள். 'களுக்.' "பத்தலை, பத்தலை, இன்னும் கொண்டா!"

பனைமரத்தை வெட்டி, அந்த மரத்துண்டோடு ஆண்டியப்பனே முங்கினார். 'களுக்.' குரல் வந்தது. ஆண்டியப்பன் வரவில்லை.

ஊர் அழுதது. சிகப்பி அழவில்லை. அப்பாவின் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சிப் பொழுதில் கரையிலே போய் உட்கார்ந்து, "எங்கப்பாவை என்ன செஞ்சே?" என்று சுழியைப் பார்த்துக் கத்தினாள்.

சுழி சிரித்தது. "நான் தாகப் பூதம். பழைய காலத்து ஆளுக எம் வாயைக் களிமண்ணு வெச்சு மிதிச்சு மூடி வெச்சிருந்தாக. நீங்க அதையே வழிச்சிட்டுப் போய்க் குலுக்கை பண்ணிட்டீக. என் தூக்கத்தைக் கெடுத்தா நான் குடிக்க மாட்டேனா? உங்கப்பன் இதோ!"

ஒரு விரால் மீன் கரையோரம் வந்து நின்றது. அதன் செவுளிலே சிவப்புக் கல் கடுக்கன் மின்னியது. "ஆத்தா சிகப்பி..." என்றது மீன்.

பூதம் சொன்னது: "எடுத்த களிமண்ணு திரும்பி வரணும். எடுத்தவுக காலே அதை மிதிக்கணும். அப்பத்தான் எம் வாய் மூடும், உங்கப்பன் மனுசனாவான். ஆனா, இவன் மீனாக் கெடக்கான்னு ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்தே, காலத்துக்கும் மீன்தான். தண்ணி தீந்தா எனக்கு எரை." கொஞ்சம் நிறுத்திவிட்டு நைச்சியமாகப் பேசியது. "எதுக்கு இம்புட்டுத் தொல்லை? ஒரு பானையில இவனை அள்ளிட்டுப் போயிரு. உனக்கு உங்கப்பன், எனக்குக் கண்மாய்."

சிகப்பியின் கை பானையைத் தேடியது. பொய் சொல்வானேன், தேடத்தான் செய்தது.

"பானைத் தண்ணியில நான் பொழைச்சுக்குவேன்த்தா," என்றது விரால். "ஊரு எந்தப் பானையில பொழைக்கும்?"

சிகப்பி எழுந்தாள். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டிருந்தது. முழங்காலுக்கு வந்தால் என்ன நடக்கும்? ஊரே ஊத்தாவோடு கரைக்கு வந்துவிட்டது.

"வீசுத்தா துண்டை!" என்றார் மலையாண்டி அம்பலம். "அப்பன் இல்லேன்னா மக கையிதான். தண்ணி போறதுக்குள்ள மீனையாவது காப்பாத்துவோம்."

வீசினால் அப்பா யாருடைய ஊத்தாவிலாவது மாட்டுவார். வீசாவிட்டால் பூதம் குடித்துவிடும். உண்மையைச் சொல்லவும் முடியாது. அவள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அவங்கவங்க குலுக்கையை உடைச்சு அந்த மண்ணைக் கொண்டாங்க. அதை வெச்சுத்தான் ஓட்டை அடைபடும். அதுவரைக்கும் வீச மாட்டேன்."

"குலுக்கையை உடைச்சிட்டு நெல்லை எங்க கொட்டுறது?" என்றார் அம்பலம்.

"கண்மாயில தண்ணி இல்லேன்னா குலுக்கையில எதைக் கொட்டப் போறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு ஓடினாள். தன் குலுக்கையை உலக்கையால் உடைத்துக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கரையிலிருந்து கொட்டினாள். அடுத்துப் பூச்சாயி வந்தாள், சின்னக் குலுக்கைக்காரி. அப்புறம் ஒவ்வொருத்தராக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அம்பலமும் வந்தார், வண்டியில் மண்ணோடும் முகத்தில் கடுகடுப்போடும்.

எல்லாரும் கரையிலிருந்தே மண்ணை வீசினார்கள். 'களுக், களுக், களுக்.' "பத்தலை, பத்தலை, இன்னும் கொண்டா!" தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண்தான் நின்றது. விரால்கள் முதுகு தெரியத் துள்ளின.

கால் வேண்டும். கால் இறங்க வேண்டுமென்றால் துண்டு வீச வேண்டும். துண்டு வீசினால் மீனைப் பிடிக்க ஊருக்கு உரிமை உண்டு.

சிகப்பி துண்டை அவிழ்த்தாள். "ஊத்தாவைக் கரையில வெச்சிருங்க. கைகோத்து எறங்குங்க. என்ன வந்து முட்டினாலும் குனியாதீங்க. மிதிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் குனியாதீங்க!"

துண்டு பறந்தது. ஊர் இறங்கியது, அவளும் இறங்கினாள். மிச்சக் களிமண்ணைச் சரித்துவிட்டுச் சுழியைச் சுற்றி நின்று மிதித்தார்கள். மிதி, மிதி, மிதி. களிமண் குழைந்தது. மிதி, மிதி, மிதி. சுழி சுருங்கியது. கெண்டை காலைக் கடித்தது, கெளுத்தி முள் குத்தியது. "குனியாதீங்க!" என்று சிகப்பி கத்திக்கொண்டே மிதித்தாள். ஓட்டை ஒரு சட்டிவாய் அளவுக்கு வந்துவிட்டது.

அப்போது மலையாண்டி அம்பலத்தின் கணுக்காலில் ஒரு விரால் வந்து மோதியது. அவர் ஆயுசில் பார்த்திராத பெரிய விரால். மனுஷன் பாவம், நாக்கு ஊறிவிட்டது. கையை உதறிக் குனிந்தார். ஒரே அமுக்கு! இரண்டு கையாலும் விராலைத் தூக்கிவிட்டார்.

அவர் கால் நகர்ந்த இடத்தில் களிமண் பிளந்தது. சுழி மறுபடி வாயைத் திறந்தது. "பத்தலை!"

மீனின் செவுளில் கடுக்கன். சிகப்பியைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"மாமா, விட்ருங்க."

"ஏன் விடணும்? துண்டு வீசியாச்சுல்ல?"

"விட்ருங்க மாமா."

"என்னன்னு சொல்லு!"

"சொல்ல முடியாது மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். கேள்வி கேக்காம விட்ருங்க."

அம்பலம் அவளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளை. ஒரு நாளும் யாரிடமும் கெஞ்சாத பிள்ளை. மீனைப் பார்த்தார். தண்ணீர் அவர் காலடியிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு போனது.

"எங்குலுக்கையையே ஒடைச்சுப் போட்டேன்," என்று முனகினார். "இனி இந்த விரால் என்னத்துக்கு? போய்த் தொலை."

மீனை விட்டார். விட்ட கையைப் பூச்சாயியின் கையோடு கோத்துக்கொண்டு, காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார்.

"பத்த..." என்றது பூதம். மீதி வார்த்தை களிமண்ணுக்குள் போய்விட்டது. சுழி நின்றது.

விரால் போன இடத்தில் தண்ணீர் கொப்பளித்தது. தலை நிறையச் சேற்றோடு, காதிலே கடுக்கனோடு, இருமிக்கொண்டே ஆண்டியப்பன் எழுந்து நின்றார். "அப்பா!" என்று சிகப்பி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அங்கேதான் அழுதாள்.

அம்பலம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி ஆண்டியப்பா! புளியைக் கரைச்சு வையின்னு எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுல்ல வந்தேன்!"

அன்றைக்கு யாரும் மீன் பிடிக்கவில்லை. ஊத்தாவை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மழையில் நிறைந்த கண்மாய் ஒரு விரற்கடைகூடக் கசியவில்லை. உடைத்த குலுக்கைகள் கொள்ளும் அளவுக்கு மேலேயே நெல் விளைந்தது. கொட்ட இடமில்லாமல் பாயை விரித்துக் குவித்தார்கள். இப்போதும் ஏழுமடையில் வண்டல் அள்ளும்போது மண்வெட்டியில் களிமண் ஒட்டினால், "போதும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவார்கள்.

மீன்பிடி நாளில் துண்டை வீசுவது இப்போது சிகப்பிதான். முதல் விரால் அகப்பட்டதும் அதை அம்பலத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் அதன் செவுளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகத்துக்கு நேரே பிடித்து, மரியாதையாகக் கேட்பார்: "யாருப்பா நீ?"

அது பதில் சொல்லாவிட்டால்தான் குழம்பு.

கதை கரையேறிவிட்டது. காலைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போங்கள்.