கப்பலில் வந்த சொல்

முன்னே ஒரு காலத்திலே, அலை தெருமுனை வரைக்கும் வந்துபோன ஒரு ஊரிலே, குருமடத்துச் சமையல்காரி மிக்கேலம்மாளின் புருஷன் கடலில் செத்துக் கரை ஒதுங்கினான். "குருசே, காப்பாத்து" என்று கத்திக்கொண்டே முங்கினான் என்றார்கள் கூடப் போனவர்கள். கல்லறையில் நடுகிற மரக்குருசில் அந்தச் சொல்லையே வெட்டி எடுத்து வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிவிட்டு வாசலை மறித்து நின்றார் ஊர்த்தலைவர் ஞானாதிக்கம்.

"ஏட்டி, குருசுங்கறது பறங்கிக் கப்பல்ல வந்த சொல்லு. சுத்தத் தமிழ்ல சிலுவைன்னு வெட்டிட்டு வா. அதுவரைக்கும் பிணம் வெளியிலதான் கெடக்கும்."

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் தோள் மாற்றினார்கள். மிக்கேலம்மாள் முன்னே வந்தாள்.

"சிலுவை மட்டும் இங்கயா மொளச்சுது? அது கடலுக்கு அந்தப்பக்கத்துச் சுரியானி பாஷக்காரங்க சொல்லு. குருமடத்துல இருபது வருஷமா சோறு போடுறேன், பாடமும் காதுல விழத்தான செய்யுது. சரி தலைவரே, கப்பல்ல வந்த சொல்லு உள்ள போகக் கூடாது, அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்!"

"அப்போ ஒங்க இடுப்புல தொங்குற சாவியக் கழட்டுங்க. சாவிங்கற சொல்லும் அதே பறங்கிக் கப்பல்லதான் வந்துச்சு."

சுமந்தவர்கள் பெட்டியோடு ஒரு அடி முன்னே வைத்தார்கள். தலைவர் சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

அவளே பூட்டைத் திறந்தாள். புருஷனைப் புதைத்து, குருசை நட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.