குல்லா போட்ட விளக்கு

ஒரு காட்டில், மலையைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு வண்டிப் பாதை போனது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பகல் வெயிலில் பாறை கொதிக்கும் என்பதால் அந்தக் காட்டு வண்டிகள் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் ஓடும். ஆகவே வண்டிக்கு வண்டி விளக்கு உண்டு. கொட்டாங்கச்சியில் இலுப்பை எண்ணெய், அதில் ஒரு திரி, திரிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு காக்காய்ப்பொன் தகடு. தகட்டில் பட்ட வெளிச்சம் முன்னால் பாயும்.

பாதை குறுகல். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? அதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கண் முதலில் கூசுகிறதோ அவர் ஒதுங்க வேண்டும். இதை எந்தப் புத்திசாலி தொடங்கி வைத்தானோ தெரியாது, குழந்தைகளே. நிச்சயம் வண்டி ஓட்டாதவனாகத்தான் இருந்திருப்பான்.

சந்தையில் விளக்கு வாங்குவதும் அந்த வழக்கப்படிதான். விளக்குக்கு எதிரே நின்று அதன் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் நல்ல விளக்கு. தாரை தாரையாக வந்தால் உயர்ந்த விளக்கு. பாதை தெரிகிறதா என்று யாரும் பார்த்ததில்லை. சந்தையில் பாதை ஏது?

அந்தக் காட்டில் முள்ளாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. சந்தேகம் அதன் கூடவே பிறந்தது. கிழங்கு கிடைத்தால் இரண்டு முனையையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் நடுவில் கடிக்கும். "நல்லா இருக்கியா?" என்று யாராவது கேட்டால், "இவன் எதுக்கு இதைக் கேக்கிறான்?" என்று இரண்டு நாள் யோசிக்கும். சந்தேகம் தட்டியதும் முதுகு முள்ளெல்லாம் சரசரவென்று எழுந்து நிற்கும். அவை படுத்திருந்த நாள் குறைவு.

மழைக்காலம் நெருங்கிவிட்டது. முள்ளாண்டியின் வளை தாழ்வான இடத்தில் இருந்தது. போன மழையில் அதற்குள் கழுத்தளவு தண்ணீர் வந்தது. அப்போது பெரியவர்கள் இருவர்தான், எப்படியோ தப்பினார்கள். இப்போது மனைவி கூர்மணியோடு இரண்டு குட்டிகளும் இருந்தன. சின்னக் குட்டி குருணைக்கு முள்கூட இன்னும் முற்றவில்லை. முதல் மழை விழுவதற்குள் எல்லோரையும் மலைமேல் உள்ள வளைக்கு ஏற்றிவிட வேண்டும். வண்டி தயார். விளக்குதான் உடைந்து கிடந்தது. முள்ளாண்டி சந்தைக்குக் கிளம்பியது.

சந்தை வாசலிலேயே மைனா கத்திக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே வாங்க! சூரியன் விளக்கு! ஒரு தடவை பாத்தா மூணு நாள் கண்ணுக்குள்ளயே நிக்கும்!"

அப்போதுதான் ஒரு காட்டெருது அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனது. கண்கள் சிவந்து, மூக்கில் நீர் வழிய, மாப்பிள்ளை போலப் பெருமையாகப் போனது.

மைனா ரொம்பப் பேசுகிறதே என்று முள்ளாண்டிக்குச் சந்தேகம் வந்தது. வேறு கடை பார்க்கலாம் என்று சந்தையின் கடைசி வரை நடந்தது. அங்கே ஒரு தேவாங்கு, முகத்தில் பாதிக் கண்ணாக, ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த விளக்கின் தலைமேல் இன்னொரு பாதிக் கொட்டாங்கச்சி கவிழ்ந்திருந்தது.

"என்ன இது, விளக்குக்குக் குல்லா?" என்று கேட்டது முள்ளாண்டி.

"ஆமாண்ணே," என்றது தேவாங்கு. எதையும் நிதானமாகச் சொல்வது அதன் சுபாவம். "வெளிச்சம் மேல ஏறாம இருக்கத்தான். தகட்டையும் கீழே சாய்ச்சிருக்கேன். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் நீட்டிப் போகும். நாம போற ஓரம் தெரியணும்ல?"

முள்ளாண்டி வழக்கப்படி எதிரே நின்று உற்றுப் பார்த்தது. கண் கூசவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"மீதி வெளிச்சம் எங்கே?"

"எந்த மீதி?"

"எண்ணெய் அதே எண்ணெய். திரி அதே திரி. மைனா விளக்குல முழுசா வருது, உன் விளக்குல காலே அரைக்கால்தான் வருது. மீதியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு முள்ளாண்டி குல்லாவுக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தது. மூக்கு சுட்டதுதான் மிச்சம்.

"எங்கயும் ஒளிக்கல. எல்லாம் தரையில கெடக்கு," என்றது தேவாங்கு. "விளக்கைப் பாக்காதீங்கண்ணே. அதுக்கு முதுகைக் காட்டி நின்னு, முன்னால தரையைப் பாருங்க."

"முதுகைக் காட்டணுமா?" முள்ளெல்லாம் எழுந்து நின்றது. "நான் அந்தப் பக்கம் திரும்புவேன், நீ இந்தப் பக்கம் என்ன பண்ணுவ?"

"உங்க முதுகை நான் என்னண்ணே பண்ண முடியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகத்துக்குக் காது கிடையாதே!

"சரி, நம்பிக்கை இல்லேன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்க," என்றது தேவாங்கு.

அவ்வளவுதான், காரியம் கெட்டது. "சும்மா குடுக்குதா? அப்போ இதுல கண்டிப்பா ஏதோ இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு முள்ளாண்டி வந்த வழியே திரும்பி, மைனாவிடம் சூரியன் விளக்கு ஒன்றை வாங்கியது. பேச்சு எப்படி இருந்தால் என்ன? கண்ணில் தண்ணீர் வந்ததே!

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வண்டி கிளம்பியது. முள்ளாண்டி இழுத்தது. கூர்மணியும் குட்டிகளும் சாமான்களோடு வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேகம் கவிந்திருந்ததால் சீக்கிரமே இருட்டிவிட்டது. விளக்கு எதிரே இருந்த மரக்கிளைகளை எல்லாம் பளீரென்று காட்டியது. காலடியில் மட்டும் கும்மிருட்டாக இருந்தது. முள்ளாண்டி கல்லில் இரண்டு தடவை இடறியது. "கல்லை யாரோ வேணும்னே போட்டிருக்காங்க," என்றது.

கொஞ்ச தூரம் போனதும் கூர்மணி சொன்னது: "என்னங்க, பின்னால ஒரு வண்டி வருது."

"யாரு?"

"தேவாங்கு மாதிரி இருக்கு. மேட்டுக் காட்டுக்குப் போகுது போல."

முள் சிலிர்த்தது. "நேத்துச் சந்தை, இன்னிக்கு ரோடு. எதுக்கு நம்ம பின்னாலயே வருது?"

"ரோடு ஒண்ணுதானேங்க இருக்கு! வேற எதுல வரும்?" என்றது கூர்மணி. பிறகு ஆச்சரியமாக, "அந்த விளக்கைப் பாருங்களேன். நேரா பாத்துக்கிட்டிருக்கேன், கண்ணு கூசவே இல்ல. ஆனா ரோட்டுல ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியுது. ஓரத்துப் புல்லுகூடத் தனித்தனியா தெரியுது," என்றது.

"பாக்காதே. மயக்கிடும்," என்றது முள்ளாண்டி. அது திரும்பிப் பார்க்கவே இல்லை. நடையை எட்டிப் போட்டது.

மலையில் மூக்குப்பாறை வளைவு என்று ஓர் இடம். பாதை அங்கேதான் மிகவும் ஒடுங்கும். ஏறிப் போகிறவர்களுக்கு இடது கைப் பக்கம் பள்ளம். முள்ளாண்டி அந்த வளைவில் திரும்பியபோது எதிரே ஒரு வெளிச்சம் வந்தது.

"யாரது? எதுக்கு இந்த நேரத்துல வர்றான்?" என்று முள்ளாண்டி நினைத்தது. தானும் அந்த நேரத்தில்தான் வருகிறோம் என்பது அதற்குத் தோன்றவில்லை. "என் கண்ணைக் கூச வச்சு ஒதுக்கப் பாக்கிறான். பள்ளத்துப் பக்கம் நான் இருக்கிறது தெரிஞ்சேதான் பண்றான். விடுவேனா?"

அது விளக்குத் தகட்டை நிமிர்த்தக் கட்டியிருந்த கயிற்றை வெடுக்கென்று இழுத்தது. தகடு மேலே நிமிர்ந்தது. சூரியன் விளக்கின் வெளிச்சம் முழுவதும் எதிரே வந்தவரின் கண்ணில் போய் அடித்தது.

மூங்கில் பாரம் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது சந்தையில் பார்த்த அதே காட்டெருதுதான். "யாருடா அது என் கண்ணுல அடிக்கிறவன்?" என்று உறுமிக்கொண்டு அதுவும் தன் கயிற்றை இழுத்தது. அதனிடமும் சூரியன் விளக்கு.

இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று முறைத்தன. யாரும் ஒதுங்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவும் இல்லை.

டமார்!

எருதின் வண்டிச் சக்கரம் முள்ளாண்டியின் வண்டியில் மோதியது. முள்ளாண்டியின் விளக்கு உருண்டு அணைந்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்தில் சாய்ந்து நின்றது. கூர்மணியும் பெரிய குட்டியும் பாதையில் விழுந்தார்கள்.

"குருணை!" என்று அலறியது கூர்மணி. "குருணையைக் காணோம்!"

"அப்பா!" என்று எங்கோ கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

முள்ளாண்டிக்கு உயிரே போய்விட்டது. எருதின் விளக்கு இன்னும் அதன் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. அத்தனை வெளிச்சம் இருந்தும் தன் கால் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் ஓடப் பார்த்தது.

"நில்லுங்கண்ணே! அடுத்த அடி வைக்காதீங்க!" என்று பின்னாலிருந்து கத்தியது தேவாங்கு. வாழ்நாளில் அது கத்தியது அன்றுதான். "எருதண்ணே, அந்த விளக்கை அணைங்க!"

பயந்து போயிருந்த எருது மூச்சு விட்டே விளக்கை அணைத்தது. ஆனால் முள்ளாண்டி தூக்கிய காலோடு நின்றது. 'எதுக்கு என்னை நிக்கச் சொல்லுது? என் புள்ளைகிட்ட என்னை ஏன் போக விடல?'

தேவாங்கு தன் வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்தியது. குல்லா போட்ட விளக்கின் வெளிச்சம் தரையோடு தரையாக ஓடி, இடது ஓரம் முழுவதும் நீண்டு விழுந்தது. முள்ளாண்டி முதல் முறையாகக் குனிந்து தரையைப் பார்த்தது.

மண் தெரிந்தது. புல் தெரிந்தது. அதன் ஊன்றிய காலின் விரல்கள் தெரிந்தன. அந்த விரல்களுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

ஒரு முழம் கீழே, பாறையில் முளைத்த வெட்டிவேர்ப் புதரைக் கட்டிக்கொண்டு குருணை தொங்கியது.

முள்ளாண்டி கையை நீட்டியது. எட்டவில்லை. "திரும்பி உக்காந்து பின்பக்கமா இறங்குங்க," என்றது கூர்மணி. "முன்னங்காலை நான் புடிச்சுக்கறேன். குருணை உங்க முதுகைப் புடிச்சு ஏறிடும்."

ஆனால் முதுகு முழுவதும் முள் ஈட்டி ஈட்டியாக நின்றது. அதில் பிள்ளை எங்கே கை வைக்கும்? முள் படுக்க வேண்டுமானால் சந்தேகம் போக வேண்டும். முன்னால் இடித்துத் தள்ளிய எருது நிற்கிறது. பின்னால் பள்ளம் இருக்கிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பதை அந்தத் தேவாங்கு பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு விரற்கடை கூடுதலாகச் சொல்லிவிட்டால்?

"அப்பா, கை வலிக்குது," என்றது குருணை.

முள்ளாண்டி பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டது. குழந்தைகளே, மலையைத் தூக்குவதுகூட அதற்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முள்ளாகப் படுத்தது. கடைசி முள்ளும் படுத்தது.

"சொல்லு தாயி," என்றது முள்ளாண்டி தேவாங்கிடம். "எவ்வளவு தூரம்?"

"ஒரு சாண் பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம். கல்லு இருக்கு, இந்தப் பக்கம் காலை வைங்க. போதும், போதும். நில்லுங்க," என்றது தேவாங்கு.

முதுகில் ஒரு சின்னக் கை பட்டது. பிறகு இன்னொன்று. குருணை முள்ளின் மேல் தவழ்ந்து, அப்பாவின் கழுத்தைத் தாண்டி, அம்மாவின் மடியில் போய் விழுந்தது. கூர்மணி அதை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதது. முள்ளாண்டியும் அழுதது. இந்த முறை எந்த விளக்கும் அதன் கண்ணில் அடிக்கவில்லை.

எருது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "சத்தியமா உன்னை எனக்குத் தெரியவே இல்லப்பா," என்றது. "திடீர்னு கண்ணு முழுக்க வெளிச்சம். அதுக்கப்புறம் ரோடு எது, பாறை எதுன்னு ஒண்ணும் புரியல. குத்துமதிப்பா இழுத்தேன், அது உன் மேலயே வந்துடுச்சு."

முள்ளாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தது. முதலில் கயிற்றை இழுத்தது யார் என்பது அதற்கு ஞாபகம் வந்தது.

சாய்ந்த வண்டியை எருது நிமிர்த்திக் கொடுத்தது. பிறகு தேவாங்கு முன்னால் போக, அதன் வெளிச்சத்தில் முள்ளாண்டி வண்டியை இழுத்துக்கொண்டு மலையேறியது. வழியில் ஒரு கல்கூட இடறவில்லை. அவர்கள் வளைக்குள் நுழைந்ததும் முதல் மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த சந்தைக்கு வந்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். தேவாங்கின் விளக்குக்கு முதுகைக் காட்டியபடி முள்ளாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் காட்டெருதும் அப்படியே நின்றது. என்னதான் பார்க்கிறார்கள் என்று மான் வந்து நின்றது, கரடி வந்து நின்றது. சந்தை கலைவதற்குள் அங்கே முதுகுகளாக ஒரு நீண்ட வரிசை உண்டானது.

மைனா அதைப் பார்த்தது. அன்று முதல், "வாங்கண்ணே வாங்க! குல்லா போட்ட சூரியன்!" என்று கூவ ஆரம்பித்தது. முள்ளாண்டி அங்கேயும் போனது. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் ஓரம் தெரிகிறதா என்று பார்த்தது. அதன் பிறகு, பழைய பழக்கம் விடுமா, குல்லாவுக்குள் மூக்கை விட்டு ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தது.

நீதி: எதிரே வருபவன் கண்ணை நாம் மறைத்தால், அவன் வண்டி நம் மேல்தான் ஏறும்.