இசக்கிராஜாவுக்குப் பதிலாக

"டீச்சர், மூணு நாளா கண்ண மூட முடியல. கொடுக்கவா, வேண்டாமா?"

ஜெபக்கனி டீச்சர் நிமிரவில்லை. கோல்கீப்பர் காலில் கட்டும் பேடு ஒன்றின் வார் அறுந்திருந்தது. பள்ளி மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கொடுக்க, அண்ணாச்சி?"

"இசக்கிராஜாவ."

ஊசி நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது.

சங்கரபாண்டியன் கோவில்பட்டியில் கரிசல் ஹாக்கி கிளப்பின் மேனேஜர். வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் அவரைவிடப் பதினாலு வயது இளையவர். ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கோல் காத்தவர். ஹாக்கியில் எது குழம்பினாலும் சங்கரபாண்டியன் வந்து நிற்பது இவர் முன்னால்தான்.

இன்றைக்கு நிற்கவும் முடியவில்லை. நாலடி போனார், நாலடி வந்தார்.

விஷயம் இதுதான். இசக்கிராஜா கரிசல் கிளப்பின் தடுப்பாட்டக்காரன். வட்டார லீகில் ஆறு அணிகள். வருஷா வருஷம் புதுப் பையன்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. இந்த வருஷம் அது எட்டயபுரத்து அணியின் கையில் இருந்தது. அந்த அணியின் மேனேஜர் பால்துரை ஒரு பேச்சு கொண்டுவந்திருந்தான். முதல் தேர்வு உங்களுக்கு, இசக்கிராஜா எங்களுக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள் பதில் வேண்டும்.

மணி நாலு ஆகியிருந்தது.

"இசக்கிட்ட என்ன குறை?" என்று கேட்டார் டீச்சர்.

"முப்பத்திரண்டு வயசாச்சு. பந்த விட்டா திரும்பி வர நேரமாகுது. இடது பக்கம் பாஸே கொடுக்க மாட்டான். அம்பயர்ட்ட வாய் ஜாஸ்தி. பெனால்டி கார்னர்ல அவசரப்படுவான். போன வருஷம் அரையிறுதில..."

"போதும். வரப்போற பையன்ட்ட என்ன குறை?"

சங்கரபாண்டியன் நடப்பதை நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்ல டீச்சர்."

"பேரு என்ன?"

"இன்னும் பட்டியலே வரல."

"வலது கையா, இடது கையா?"

"அதெப்படித் தெரியும்?"

"அப்ப மூணு நாளா யாரை நெனச்சு முழிச்சிருந்தீங்க?"

அவருக்கு எரிச்சல் வந்தது. "அப்ப இசக்கிய வச்சுக்கிடச் சொல்லுதீங்க."

"நான் சொல்லல."

"நாளைக்கு அவன் ஓஞ்சு உக்காந்துட்டா என் கைல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்ப கொடுக்கச் சொல்லுதீங்க."

"அதையும் சொல்லல."

"எனக்கு நேரம் இல்ல டீச்சர்!"

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பேடைத் தட்டிப் பார்த்தார். பிறகு கிளப் மைதானம் இருக்கும் திசையைக் கையால் காட்டினார்.

"அந்தப் பையன்ட்டப் போய்க் கேக்க முடியாது. இவன்ட்டக் கேக்கலாம்ல?"

"எதை?"

"என்ட்டக் கேட்டதத்தான்."

அவர் பேடை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சங்கரபாண்டியன் வண்டியை எடுத்தார். பாதி வழியில் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். ஒருத்தனை விற்கவா வேண்டாமா என்று அவனிடமே எந்த மேனேஜர் கேட்பான்? ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கேயே இருபது நிமிஷம் போயிற்று.

போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பயிற்சி இன்னும் தொடங்கவில்லை. இசக்கிராஜா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான்.

"விஷயம் தெரியுமால?"

"ஊருக்கே தெரியும் சார்."

"என் எடத்துல நீ இருந்தா என்ன செய்வ?"

இசக்கிராஜா முடிச்சை இறுக்கினான்.

"கொடுத்துருவேன்."

சங்கரபாண்டியன் இவன் கெஞ்சுவான் என்று நினைத்தார். கத்துவான் என்றும் நினைத்தார். இதை நினைக்கவில்லை.

"ஏன்?"

அவன் பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினான். வலது முட்டி வீங்கிப் பளபளத்தது.

"ஆடி மாசத்துல இருந்து இப்பிடித்தான் சார். ஒரு சீசன் தாங்கும்ங்காரு டாக்டர். அதுக்கு மேல சொல்ல முடியாதுங்காரு."

"என்ட்ட ஏம்ல சொல்லல?"

"சொன்னா உக்கார வச்சிருப்பீங்க."

"இப்ப மட்டும் ஏன் சொல்லுத?"

"கேட்டீங்கல்லா."

போன் அடித்தது. பால்துரை.

சங்கரபாண்டியன் திரையைப் பார்த்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. முதல் தேர்வு கைக்கு வந்துவிடும்.

"எடுங்க சார்," என்றான் இசக்கிராஜா. "நான் எட்டயபுரத்துக்குப் போயிக்கிடுதேன்." பேண்ட்டை இறக்கிவிட்டு மைதானத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, அஞ்சாகப் போகுது."

"பால்துரை, ஒண்ணு சொல்லிருதேன். அவனுக்கு வலது முட்டி போச்சு. பொறவு என்னையக் கொற சொல்லக்கூடாது."

பேச்சு முறிந்துவிட்டது என்றே நினைத்தார்.

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"போன மாசம் நொண்டிக்கிட்டேதான எங்க மூணு கோலத் தடுத்தான்? மூணாவது தடவ எங்க பய ஒருத்தன் அவன் மேல மோதி விழுந்தான். இசக்கி அவனத் தூக்கிவிட்டு, எங்க தப்புப் பண்ணுனன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறான். எதிர் அணிக்காரனுக்கு! கடைசி எடத்துல கெடக்க டீம் அண்ணாச்சி இது. எனக்கு அவன் முட்டி வேண்டாம். அவன் வேணும்."

சங்கரபாண்டியன் இசக்கிராஜாவின் முதுகைப் பார்த்தார். பதினொரு வருஷமாக அந்தச் சட்டை எண்ணைப் பார்த்துவருகிறார்.

"எனக்கும் அவன்தான் வேணும், பால்துரை," என்றார்.